ஒரு லிட்டர் பிடிவாதம்

தண்ணீரில் தண்ணீரை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெளியே எடுப்பதுதான் எங்கள் தொழில்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஒரு லிட்டர் ஆற்றுத் தண்ணீரில் எங்கோ ஒளிந்திருக்கும் பூச்சிமருந்து, எண்ணெய், பிளாஸ்டிக் ரசாயனம், இவற்றைத் தேடிப் பிடித்து, ஒரு சிறு குப்பிக்குள் சுண்டவைத்து, பெரிய மெஷினிடம் ஒப்படைக்க வேண்டும். ஒரு சொட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலும் நாங்கள் விடக்கூடாது. கண்டுபிடித்த பெருமை மெஷினுக்குப் போய்விடும். கண்டுபிடித்ததற்கான ஏச்சு மட்டும் தம்போய் என்னும் ஊரில், ஒரு டயர் கடைக்கும் கார் பட்டறைக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து சேரும். என் பெயர் ரீத்தா. பிறந்தது குளுவாங். படித்தது வேதியியல். வாங்கிக்கட்டிக்கொள்வது இங்கே.

நீங்கள் ஆசிரியராக இருக்கலாம், நர்ஸாக இருக்கலாம், ஏதாவது ஓர் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவராக இருக்கலாம். வேலையை ஒழுங்காகச் செய்தீர்கள் என்பதற்காகவே ஒரு தடவையாவது திட்டு வாங்கியிருப்பீர்கள். ஆகவே உங்களுக்குப் புரியும். நாமெல்லாம் ஒரே கூட்டம்.

மணக்கக் கூடாது

இந்த வேலைக்கு வந்த முதல் நாளே என்னிடமிருந்து பிடுங்கப்பட்டவை: சென்ட், கைக்குப் பூசும் கிரீம், நகப்பூச்சு, தலைக்கு வைக்கும் வாசனை எண்ணெய். மனிதர்களுக்கு மணம், மெஷினுக்கு அது மாசு. என் கழுத்தில் பூசியது எப்படியோ போத்தலுக்குள் போய், மறுநாள் ஆற்றில் கிடைத்ததாகக் கணக்கில் வந்துவிடும். ஆற்றில் யாரும் சென்ட் போட்டுக்கொண்டு குளிப்பதில்லை.

என் நாத்தனார் ஜெனிட்டாவுக்கு இது பிடிபடவே இல்லை. அவள் சிங்கப்பூரில் ஒரு கடையில் வாசனைப் பொருள் விற்கிறாள். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் எனக்கு ஒரு சென்ட் போத்தல் வரும். நான் வாங்கி, நன்றி சொல்லி, அலமாரியில் வைத்துவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளுவாங்கில் சொந்தத்தில் கல்யாணம். எல்லாரும் கமகமவென்று கோயிலுக்குள் நுழைய, நான் மட்டும் வெறும் சோப்பில் குளித்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். மறுநாள் காலையில் எனக்கு ஆற்றுத் தண்ணீர் காத்திருக்கிறது, முடியில் ஏறிய வாசம் ஒரே குளியலில் போகாது என்று மெதுவாகச் சொன்னேன். ஜெனிட்டா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணி, ஊர்த் தண்ணி நாறுதுன்னா அதுக்கு நீங்க ஏன் மணக்காம இருக்கணும்?"

குணாவும் கொசுவும்

தண்ணீர் எடுத்து வருவது குணாவின் வேலை. வேன் ஓட்டுவான், போத்தல் தூக்குவான், சேற்றில் இறங்குவான். நல்ல பையன் என்று சொல்வதற்கில்லை, முப்பதைத் தாண்டியவன், நல்ல ஆள்.

ஒருமுறை செம்பனைத் தோட்டங்கள் பக்கமிருந்து அவன் கொண்டுவந்த எல்லாப் போத்தலிலும் ஒரே மாதிரி ஒரு மேடு எழுந்து நின்றது. மெஷின் காகிதத்தில் ஒவ்வொரு பொருளும் ஒரு மேடாகத்தான் தெரியும். ஐந்து இடத்துத் தண்ணீர், ஐந்திலும் ஒரே மேடு. ஒவ்வோர் இடத்திலும் சும்மா மூடி திறந்து மூடுவதற்கென்றே நாங்கள் கொடுத்தனுப்பிய சுத்தத் தண்ணீர் போத்தலிலும் அதே மேடு. அது என்ன பொருள் என்று பார்த்தேன். கொசு கடிக்காமல் இருக்கக் கையில் பூசும் மருந்து.

குணாவைக் கூப்பிட்டு, திரும்பப் போய் எல்லாவற்றையும் மறுபடி எடுத்துவரச் சொன்னேன். மருந்து பூசாமல். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள், சாக்ஸை இழுத்து விட்டுக்கொள் என்று அக்கறையாகத்தான் சொன்னேன். போனான். இரண்டு காதிலும் நெற்றியிலும் தடிப்புத் தடிப்பாக வீங்கித் திரும்பி வந்தான். போத்தல் பெட்டியை என் மேசைமேல் வைத்தான். அந்தத் தண்ணீரில் மேடு இல்லை. மேடெல்லாம் அவன் முகத்தில் இருந்தது.

"அக்கா, இந்தத் தடவ தண்ணி சுத்தம், கொசுவுக்குத்தான் வயிறு ரொம்பிருச்சு லா."

அதிசயக் கால்வாய்

எங்கள் வாடிக்கையாளர்களில் பழைய டிரம் கழுவி விற்கும் பட்டறை ஒன்று உண்டு. ரசாயனம் வந்த டிரம்களை வாங்கி, கழுவி, பெயின்ட் அடித்து மறுபடி விற்பார்கள். அதன் மேனேஜர் செல்வராஜ். எப்போதும் சிரித்த முகம். பட்டறைக் கால்வாய்த் தண்ணீரை மாதா மாதம் அவரே காரில் கொண்டுவந்து கொடுப்பார். குணாவை அனுப்புகிறோம் என்றால் "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பார்.

அந்தத் தண்ணீரில் மாதா மாதம் ஒன்றுமே இருக்காது. டிரம் கழுவிய தண்ணீர் என்றால் மீன் கழுவிய வாளி மாதிரியாவது இருக்க வேண்டும். இது பளிங்கு. ஒரு நாள் வழக்கமான சோதனையாக குளோரின் இருக்கிறதா என்று ஒரு காகிதத் துண்டை முக்கிப் பார்த்தேன். நிறம் மாறியது. குழாய்த் தண்ணீரில் போடும் குளோரின், கழிவுக் கால்வாயில்! அடுத்த மாதம் செல்வராஜ் வந்தபோது நேராகவே கேட்டேன். "சார், இது கால்வாய்த் தண்ணிதானா, இல்ல பைப்புல புடிச்சதா?" அருகில் நின்ற என் முதலாளி கோ இருமினார். இனிமேல் நாங்களே வந்து எடுத்தால்தான் கால்வாய்த் தண்ணீர் என்று எழுதுவேன், இல்லாவிட்டால் "வாடிக்கையாளர் கொண்டுவந்த தண்ணீர்" என்றுதான் எழுதுவேன் என்று சொன்னேன். செல்வராஜ் சிரிப்பை மாற்றவே இல்லை.

"என்ன சிஸ்டர் இது, பேக்டரிய சுத்தமா வெச்சிருக்கறதும் ஒரு குத்தமா?"

ஆரஞ்சு வாசம்

பார்வதி அக்கா முதல்முறை வந்தது ஒரு மழை நாளில். சிம்பாங் ரெங்கத்திலிருந்து பஸ் பிடித்து லார்க்கின் பஸ் நிலையம், லார்க்கினிலிருந்து இன்னொரு பஸ். கூட ஒரு பக்கத்து வீட்டுப் பெண். முன்பு தோட்டத்தில் இருந்த குடும்பங்கள், இப்போது சுங்கைக் கரையில், அதாவது ஆற்றங்கரையில், ஒரு சின்னக் குடியிருப்பில் இருக்கிறார்கள். கரையில் கீரை போடுகிறார்கள். வீட்டுக் குழாயில் பாதி நாள் தண்ணீர் வராது. அப்போதெல்லாம் கரையோரக் கிணறுதான் குடிக்க, குளிக்க, சமைக்க. கொஞ்ச காலமாக அந்தத் தண்ணீரில் ஒரு வாடை. பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. யாரிடம் சொன்னாலும் "ஆதாரம் இருக்கிறதா" என்கிறார்கள். ஆகவே ஆதாரத்தோடு வந்திருக்கிறார்கள். பையிலிருந்து கலர் பானம் வந்த ஒரு பெரிய பிளாஸ்டிக் போத்தலை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே கிணற்றுக்கு ஊறிவரும் சுங்கைத் தண்ணீர். மூடியைத் திறந்தால் ஆரஞ்சு கலர் வாசம்.

நான் அதை வாங்க மறுத்தேன். பிளாஸ்டிக் போத்தலே தண்ணீரில் ரசாயனம் கலக்கும், உள்ளே இருந்த கலர் வேறு, இதில் எது கிடைத்தாலும் நாளைக்கு ஒருவன் "அது போத்தலில் இருந்து வந்தது" என்று சொல்லி உங்களை உதறிவிடுவான் என்றேன். மழையில் நனைந்து இரண்டு பஸ் மாறி வந்தவரிடம் இதைச் சொல்வது எனக்கும் இனிக்கவில்லை. ஆனால் அன்று பாவம் பார்த்து வாங்கியிருந்தால் அதுதான் அவருக்குச் செய்த துரோகமாக இருந்திருக்கும். பழுப்பு நிறக் கண்ணாடிப் போத்தல்களைக் காட்டி, இதில் நாங்களே வந்து எடுக்கிறோம் என்று சொன்னேன். பார்வதி அக்கா அந்தப் போத்தலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாங்க குடிக்கறதுக்குப் பிளாஸ்டிக் வாளி போதும், நீங்க பாக்கறதுக்கு மட்டும் கண்ணாடி வேணுமா மேடம்?"

மேலே ஒன்று, கீழே ஒன்று

அந்தக் கேள்வி எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. குடியிருப்புச் சங்கம் முறைப்படி கேட்டு எழுதிய பிறகு, குணாவோடு நானும் வேனில் ஏறினேன். பார்வதி அக்கா எங்களைச் சுங்கைக் கரையோரமாக நடத்திப்போனார். ஒரு வளைவில் வாடை மூக்கில் ஏறியது. தலையைத் தூக்கினால் வேலிக்குப் பின்னால் மலை மாதிரி நீல டிரம்கள். செல்வராஜின் பட்டறை.

அங்கிருந்தே கோவுக்குப் போன் போட்டேன். இரண்டு பக்கமும் நம் வாடிக்கையாளர்கள், என்ன செய்யட்டும் என்றேன். "தண்ணிக்கு யார் கஸ்டமர்னு தெரியாது ரீத்தா, எடு" என்றார் கோ. அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன், பிறகு நடந்ததெல்லாம் நடந்த பிறகும்.

பட்டறைக்கு மேல்பக்கம் ஓர் இடம், கீழ்ப்பக்கம் ஓர் இடம். இரண்டிலும் இரண்டிரண்டு போத்தல், ஒன்று ஆய்வுக்கு, ஒன்று குளிர்பெட்டியில் பத்திரமாக. போத்தலை ஆற்றில் அலசக் கூடாது, மூடியின் உள்பக்கம் விரல் படக் கூடாது, வாய் நீரோட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும், உள்ளே காற்று இல்லாமல் விளிம்புவரை நிரம்ப வேண்டும். மூடியை ஒட்டி அதன்மேல் பார்வதி அக்காவைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். குடியிருப்பே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. லுங்கி கட்டிய ஒரு பெரியவர் பொறுமை இழந்து பக்கத்தில் இருந்தவரிடம் சத்தமாகவே சொன்னார்.

"ஒரு போத்தல் தண்ணி மோக்கறதுக்கு என்னமா பூசை போடறாங்க!"

சொட்டு

மறுநாள் காலையில் மேடையில் மூன்று போத்தல்கள்: மேல்பக்கம், கீழ்ப்பக்கம், வெறும் சுத்தத் தண்ணீர். அந்தச் சுத்தத் தண்ணீர்தான் எங்களுக்கு மனசாட்சி. மற்ற இரண்டுக்கும் என்னென்ன செய்கிறோமோ அதற்கும் அதையே செய்வோம். முடிவில் அதில் ஏதாவது தெரிந்தால் குற்றம் எங்கள் கையில். தெரியாவிட்டால் குற்றம் ஆற்றில்.

மாவு போன்ற ஒரு பொடி அடைத்த சின்னக் கண்ணாடிக் குழல் வழியாகத் தண்ணீரை விட வேண்டும். முதலில் பொடியைக் கரைப்பான் ஊற்றி நனைக்க வேண்டும். நனைந்ததைக் காய விடக் கூடாது; காய்ந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிறகு ஆற்றுத் தண்ணீர், சொட்டுச் சொட்டாக. தண்ணீர் போய்விடும், மாசு பொடியில் ஒட்டிக்கொள்ளும். அதை இன்னொரு கரைப்பானால் கழுவி இறக்கி, நைட்ரஜன் காற்றை மெதுவாக ஊதிச் சுண்டவைக்க வேண்டும். வேகமாக இழுத்தால் ஒட்ட வேண்டியது ஒட்டாமல் ஓடிவிடும். வேகமாக ஊதினால் பிடித்ததும் பறந்துவிடும்.

கீழ்ப்பக்கத் தண்ணீர் கலங்கல். வடிகட்டிய பிறகும் குழலை அடைத்துக்கொண்டது. ஒரு சொட்டு விழும். அடுத்த சொட்டு யோசிக்கும். கோ காலையில் ஒருமுறை எட்டிப் பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை. பம்பைக் கொஞ்சம் கூட்டி வை என்றார். கூட்ட மாட்டேன் என்றேன். வேறு வேலை காத்திருக்கிறது என்றார். காத்திருக்கட்டும் என்றேன். சாயங்காலம் கடைசிச் சொட்டு விழும்போது அவரும் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் மலாயும் ஆங்கிலமும் கலந்து சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"உன்கிட்ட சிக்கின தண்ணி, கடலுக்குப் போறதுக்குள்ள ரிட்டயர் ஆயிரும்."

முடிவு வந்தது. சுத்தத் தண்ணீரில் ஒன்றுமில்லை. மேல்பக்கத்தில் சொல்லும்படி எதுவும் இல்லை. கீழ்ப்பக்கத்தில் இரண்டு பொருள்கள் எகிறி நின்றன. ஒன்று பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் எண்ணெய். இன்னொன்று பசை, பிசின் வேலைகளில் புழங்கும் பீனால் வகை. நான் கையெழுத்துப் போட்டேன். பார்வதி அக்கா பஸ் ஏறி வந்து வாங்கிப்போனார். நேராகச் சுற்றுச்சூழல் அலுவலகத்துக்கு ஒரு பிரதி, போகிற வழியில் பட்டறை வாசலில் நின்று செல்வராஜ் கையில் ஒரு பிரதி.

நம்ம ஆளு

மறுநாள் செல்வராஜ் பெரிய பழக்கூடையோடு வந்தார். சிரிப்பு அப்படியே இருந்தது. கூடையை என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மெதுவாகப் பேசினார். பிளாஸ்டிக் எண்ணெய் எங்கே இல்லை? உங்கள் கையுறையில் இருக்கும், உங்கள் குழாயில் இருக்கும். "ஆய்வகத்தில் கலந்திருக்கலாம்" என்று ஒரே ஒரு வரி சேர்த்து ரிப்போர்ட்டை மறுபடி கொடுங்கள், போதும். பட்டறையில் வேலை செய்பவர்களில் பாதிப் பேர் தமிழர்கள், மூடினால் அவர்கள் எங்கே போவார்கள்? நம்ம ஆளுங்களை நாமே இப்படிச் செய்யலாமா?

எனக்குப் பயம் பாதி, கோபம் பாதி. வீட்டில் என் கணவர் அந்தோணி தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர். "நீ எதுக்கு முன்னால நிக்கற, கோ பாத்துக்கட்டும்" என்று அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். கோ தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். ஆகவே நான்தான் நின்றேன். "சார், கீழ்ப்பக்கத்துல கீரை போடறவங்களும் நம்ம ஆளுங்கதான். சொறிஞ்சுகிட்டு ஸ்கூலுக்குப் போற பிள்ளைங்களும் நம்ம ஆளுங்கதான். ஒரு வரி இல்ல, ஒரு கமாகூட நான் சேக்க மாட்டேன். சந்தேகம்னா ஒன்னு செய்யலாம். சீல் வெச்ச போத்தல் இன்னும் குளிர்பெட்டியில இருக்கு. விஷயம் தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வாங்க. உங்க கண்ணு முன்னாலயே மறுபடி எடுத்துக் காட்டறேன்" என்றேன். பழக்கூடையை நானே தூக்கிப்போய் அவர் கார் பானட் மேல் வைத்தேன். முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பைக் காணவில்லை.

"இவ்வளவு முரடா இருந்தா ஒரு இடத்துலயும் நிலைக்க மாட்டீங்க சிஸ்டர்."

நான்காவது போத்தல்

எடுத்த தண்ணீரை ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதற்குள் வந்துவிட்டார்கள். செல்வராஜ், அவர் கோலாலம்பூரிலிருந்து வரவழைத்த நிபுணர் டாக்டர் மணிவண்ணன், போத்தல் சீலைப் பார்க்க பார்வதி அக்கா. டாக்டர் நெடுநெடுவென்று உயரம். அவருக்கு முன்னால் அவர் சென்ட் வந்தது.

கதவிலேயே நிறுத்தினேன். "மன்னிக்கணும் டாக்டர், இந்த வாசத்தோட உள்ள விட முடியாது. நாளைக்கு இதையும் ஆத்துல கிடைச்சதுன்னு சொல்ல வேண்டி வரும்." செல்வராஜ் கொதித்துப்போனார். யாரிடம் பேசுகிறோம் என்று தெரிகிறதா என்றார். டாக்டர் அவரைக் கையமர்த்திவிட்டுக் கழிவறைக்குப் போய், கழுத்து, கை, முகம் எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி, எங்கள் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, தள்ளி ஓர் ஓரமாக வந்து நின்றார். அப்போதே எனக்கு ஒன்று தெரிந்தது: இவர் விலைக்கு வந்தவர் இல்லை, வேலைக்கு வந்தவர்.

பார்வதி அக்கா தன் கையெழுத்தைப் பார்த்துத் தலையாட்டினார். சீலை உடைத்தேன். மேல்பக்கம், கீழ்ப்பக்கம், சுத்தத் தண்ணீர். செல்வராஜ் விடவில்லை. "கையுறைய மறந்துட்டீங்க, அதுல இருந்துதான் வருது" என்றார். சரி என்று நான்காவதாக ஒரு போத்தல் எடுத்தேன். சுத்தத் தண்ணீரை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, கையுறை போட்ட இரண்டு கையையும் அதில் முக்கி, அரிசி களைவது மாதிரி நன்றாக அலசி, அந்தத் தண்ணீரை அந்தப் போத்தலில் நிரப்பினேன். "இது கையுறைத் தண்ணி. இதுக்கும் அதே பூசைதான்." டாக்டர் முகத்தில் சின்னதாக ஒரு புன்னகை வந்து போனது.

நான்கு குழல்கள், நான்கிலும் சொட்டு. குழலில் ஊற்றும் முன்பே அளந்து ஓர் அடையாளப் பொருளைப் போத்தல்களில் கலந்துவிடுவோம். அது கடைசியில் முழுசாகத் திரும்பி வந்தால்தான் வழியில் எதையும் நாங்கள் தொலைக்கவில்லை என்று அர்த்தம். அளவைச் சரிபார்த்து டாக்டரே தன் கையால் கலந்தார். பார்வதி அக்கா வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வராஜ் கோப்பி குடிக்கப் போனார், வந்தார், மறுபடி போனார். மெஷின் பேசத் தொடங்கியது. அடையாளப் பொருள் நான்கிலும் ஒழுங்காகத் திரும்பி வந்திருந்தது. சுத்தத் தண்ணீரில் ஒன்றுமில்லை. கையுறைத் தண்ணீரில் தரையோடு ஒட்டிய ஒரு சின்னப் பொட்டு. இருந்ததை இருந்தது என்று நானே விரல் வைத்துக் காட்டினேன். மேல்பக்கம் அமைதி. கீழ்ப்பக்கம் போன தடவை போலவே எகிறி நின்றது. டாக்டர் காகிதத்தை நிதானமாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"செல்வராஜ், இந்தம்மா கையில ஒன்னும் இல்ல, உங்க கால்வாய்லதான் இருக்கு."

கவுண்டர்

இதற்குப் பிறகு எனக்கு மாலை மரியாதை நடந்தது என்று நினைத்திருப்பீர்கள். நம் கூட்டத்தில் யாருக்கு அது நடந்திருக்கிறது? பட்டறை எங்களை விட்டுப் போனது. போகும்போது தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போனது. கோ என்னைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் உள்ளே வேண்டாம், முன் கவுண்டரில் இருந்து போத்தல் வாங்கும் வேலையைப் பார் என்றார். ஓய்வு மாதிரி இருக்கும் என்றார். தண்டனைக்கு இத்தனை அழகான பெயர் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். என் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அழவில்லை. அழுகிற திருப்தியை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

கவுண்டரில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து, வந்த போத்தல்களைப் பார்த்தேன். மூடி சரியில்லாத போத்தலைத் திருப்பி அனுப்பினேன். வெயிலில் காரில் வைத்துச் சுட்டுப்போன தண்ணீரைத் திருப்பி அனுப்பினேன். பாதி நிரம்பியது, பழசானது, எங்கே எடுத்தது என்று சொல்லத் தெரியாதவர் கொண்டுவந்தது, எல்லாவற்றையும் மரியாதையாக, சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்பினேன். உள்ளே என் இடத்தில் வேலை பார்த்த சரஸ்வதிக்கு வேலையே இல்லாமல் போனது. அவள் கண்ணாடிச் சாமான்களைக் கழுவி, கழுவினதையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் கோ கையில் என் வெள்ளைக் கோட்டோடு கவுண்டருக்கு வந்தார்.

"அலமாக் ரீத்தா, உள்ள இருந்தப்ப எப்பயாவது ஒரு கஸ்டமர் போனான், இங்க வெச்சா தினம் ஒருத்தன் போறான், தயவு செஞ்சு உள்ளயே போயிரு."

கங்கோங் கட்டு

அதிகாரிகள் வந்து அவர்களே தண்ணீர் எடுத்துப்போனதையும், பட்டறையில் டிரம் கழுவுவது நிறுத்தப்பட்டதையும், கால்வாய் வாயைச் சிமென்ட் வைத்து அடைத்ததையும் குணாதான் வந்து சொன்னான். பட்டறை மூடவில்லை. கழுவாமல் வாங்கி விற்கிறார்கள். அங்கே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறார்கள். குடியிருப்புக்குப் புதிய குழாய் போடுவதாகச் சொல்லிப் பாதித் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல நான் தயாராக இல்லை. அதற்கும் போத்தல் வைத்துப் பார்த்துத்தான் சொல்வேன்.

கொஞ்ச மாதம் கழித்து பார்வதி அக்கா வந்தார். இந்தத் தடவை முறையான கண்ணாடிப் போத்தல் கேட்டு. அவர்கள் சுங்கை போய்ச் சேரும் இன்னொரு சுங்கையின் கரையில் இருப்பவர்களுக்கும் சந்தேகம் வந்துவிட்டதாம். இவர்தான் இப்போது அவர்களைக் கூட்டிக்கொண்டு அலைகிறார். மேடம் போய் தங்கச்சி ஆகியிருந்தேன். பையிலிருந்து ஈரம் சொட்டும் கங்கோங் கீரைக் கட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். கை நீட்டியவள், ஒரு கணம் நின்றுவிட்டேன். என்ன செய்வது, தொழில் புத்தி. எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று வாய் கேட்கவில்லை, கண் கேட்டிருக்க வேண்டும். பார்வதி அக்கா ஆய்வகமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

"தைரியமா வாங்கு தங்கச்சி, மேல்பக்கத்துத் தண்ணி!"

இத்தனை நடந்த பிறகும் எங்கள் ஆய்வகத்தில் எனக்கு "தலைவலி" என்ற பெயர்தான் அழுத்தமாக ஒட்டியிருக்கிறது, அதைக் கழுவி எடுக்கும் கரைப்பானை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடித்தாலும் அந்தப் போத்தலுக்கு நான் மூடி திறந்து கொடுப்பதாக இல்லை.